ஒரு பவுனுக்கு ஏன் 8 கிராம்? நாணயச் சாலையில் நியூட்டன்

நகைக்கடையில் ஒரு பவுன் சங்கிலி என்று கேட்டால், கடைக்காரர் அதை 8 கிராம் என்று கணக்குப் போடுகிறார். தமிழ்நாட்டில் இதையே சவரன் என்பார்கள். கிராம் கணக்கில்தான் வாங்குகிறோம் என்றால், எண்ணுவதற்கு எளிதாக 5 என்றோ 10 என்றோ வைத்திருக்கலாமே, ஏன் 8? இந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டு பின்னோக்கிப் போனால், நாம் இயற்பியல் பாடத்தில் சந்திக்கும் ஒருவரின் மேசை முன் போய் நிற்போம். அவர்தான் சர் ஐசாக் நியூட்டன்.

ஆப்பிள் மரம், புவியீர்ப்பு, மூன்று இயக்க விதிகள், முப்பட்டகத்தில் பிரிந்த ஒளி. நியூட்டனைப் பற்றி மாணவர்களுக்குத் தெரிந்தவை இவை. இவற்றில் பெரும்பாலானவை அவருடைய 45 வயதுக்குள் முடிந்துவிட்டன. 84 வயது வரை வாழ்ந்த அந்த மனிதர், வாழ்வின் கடைசி 31 ஆண்டுகளை நாணயம் அடிக்கும் வேலையில்தான் செலவிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. பழைய பிரிட்டிஷ் தங்க நாணயங்களைச் சேகரிப்பவர்களுக்கு மட்டும் அது நன்றாகத் தெரியும். அவர்கள் தேடி அலையும் மிக அரிய நாணயங்களில் சில, அவருடைய பொறுப்பில் அடிக்கப்பட்டவை.

தந்தையைக் காணாத பிள்ளை

நியூட்டன் பிறந்தது 1642-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்திலுள்ள வூல்ஸ்தோர்ப் என்னும் சிற்றூரில். இன்றைய நாட்காட்டியின்படி அது 1643 ஜனவரி 4. அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். குழந்தைக்கு மூன்று வயதானபோது தாய் மறுமணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். பாட்டியின் கையில் வளர்ந்த அந்தப் பிள்ளை, யாரோடும் எளிதில் ஒட்டாதவனாக வளர்ந்தான்.

இரண்டாம் கணவரும் இறந்தபின் திரும்பி வந்த தாய், மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி விவசாயத்தில் ஈடுபடுத்தப் பார்த்தார். ஆடு மாடு மேய்ப்பதிலும் பண்ணைக் கணக்கிலும் அவனுக்கு மனம் செல்லவில்லை. மீண்டும் பள்ளிக்குப் போய், 1661-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். வசதியுள்ள மாணவர்களுக்குப் பணிவிடை செய்து படிப்புச் செலவைக் குறைத்துக்கொள்ளும் ஏழை மாணவர் பிரிவில்தான் முதலில் இடம் கிடைத்தது. 1665-இல் கொள்ளை நோய் பரவிப் பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது ஊருக்குத் திரும்பினார். நுண்கணிதம், ஒளி, ஈர்ப்பு பற்றிய அவருடைய சிந்தனைகள் அந்தக் காலத்தில் வேர்விட்டன. 1669-இல், 26 வயதில், கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியர் ஆனார். 1687-இல் வெளிவந்த பிரின்சிப்பியா அவரை ஐரோப்பா முழுவதும் அறியச் செய்தது.

அவருடைய அறையை ஒட்டி ஓர் உலைக்கூடமும் இருந்தது. இரசவாதத்தில் அவருக்குப் பெரும் ஈடுபாடு. உலோகங்களை உருக்குவதும், கலப்பதும், பிரிப்பதும், நிறுப்பதுமாகப் பல ஆண்டுகளைக் கழித்தார். சாதாரண உலோகத்தைப் பொன்னாக்கும் வழி எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் உலோகங்களின் குணத்தை நேரடியாகக் கையாண்டு அறிந்த அனுபவம் அவரிடம் தங்கிவிட்டது. அந்த அனுபவம் பிற்காலத்தில் வேறோர் இடத்தில் பயன்படும் என்று அப்போது யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

1693-இல் அவர் மனநலம் குன்றி, நண்பர்கள் மீதே சந்தேகம் கொள்ளும் நிலைக்குப் போனார். பிறகு தேறினார். கேம்பிரிட்ஜை விட்டு வெளியேற வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது. 1696 மார்ச் மாதம் நிதியமைச்சர் சார்ல்ஸ் மாண்டகு, லண்டன் நாணயச் சாலையின் காப்பாளர் பதவியை அவருக்கு வழங்கினார். வேலை அதிகமில்லாத, மரியாதைக்குரிய, நல்ல சம்பளமுள்ள பதவி என்பதுதான் அன்றைய எண்ணம். முன்பு அந்தப் பதவியில் இருந்தவர்களும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். நியூட்டனால் அப்படி இருக்க முடியவில்லை.

நறுக்கப்பட்ட நாணயங்கள்

அவர் லண்டன் வந்து சேர்ந்தபோது இங்கிலாந்தின் பணம் பெரும் சிக்கலில் இருந்தது. அன்று மக்கள் கையில் புழங்கியது பெரும்பாலும் வெள்ளி நாணயம். ஒரு ஷில்லிங் நாணயத்தில் ஒரு ஷில்லிங் பெறுமானமுள்ள வெள்ளி இருக்க வேண்டும். அதுதான் அந்தப் பணத்தின் உயிர். ஆனால் 1662-க்கு முன் அடிக்கப்பட்டவை சுத்தியலால் கையில் அடித்தவை. வட்டம் சரியாக இருக்காது, விளிம்பும் ஒழுங்காக இருக்காது. கத்தரியால் ஓரத்தைக் கொஞ்சம் நறுக்கி எடுத்தாலும் கண்டுபிடிப்பது கடினம். நறுக்கிய துணுக்குகளைச் சேர்த்து உருக்கி விற்பது பலருக்குத் தொழிலாயிற்று. 1690-களின் நடுவில் கருவூலத்துக்கு வந்த பழைய நாணயங்களை நிறுத்துப் பார்த்தபோது, இருக்க வேண்டிய எடையில் ஏறத்தாழ பாதிதான் இருந்தது.

1662-க்குப் பிறகு இயந்திரத்தில் அடித்த நாணயங்களும் இருந்தன. அவற்றின் விளிம்பில் நுண்ணிய வரிகள் இருந்தன; பெரிய நாணயங்களில் எழுத்துகளே பொறிக்கப்பட்டிருந்தன. ஓரத்தை நறுக்கினால் வரியோ எழுத்தோ அழிந்து குட்டு வெளிப்பட்டுவிடும். உங்கள் பணப்பையிலுள்ள சில்லறைக் காசுகளின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். சிலவற்றில் அதே வரிகள் இன்றும் இருக்கும். ஆனால் நல்ல நாணயமும் தேய்ந்த நாணயமும் ஒரே மதிப்புக்குச் செல்லும்போது, நல்லதை யார் செலவு செய்வார்கள்? மக்கள் நல்லதைப் பதுக்கினார்கள். வணிகர்கள் உருக்கி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். நறுக்கப்பட்டது மட்டும் சந்தையில் சுற்றி வந்தது.

பழைய வெள்ளி நாணயங்கள் எல்லாவற்றையும் திரும்பப் பெற்று, உருக்கி, புதிதாக அடிப்பது என்று 1696-இல் அரசு முடிவெடுத்தது. லண்டன் கோபுரக் கோட்டைக்குள் இருந்த நாணயச் சாலையில் முந்நூறு பேர் வரை வேலை செய்தனர். தகடு உருட்டும் ஆலைகளைச் சுமார் 50 குதிரைகள் சுழற்றின. விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கும் வேலை நள்ளிரவு வரை நடந்தது. நியூட்டன் ஒவ்வொரு கட்டத்தையும் நின்று கவனித்தார். ஓர் அச்சு இயந்திரத்துக்கு எத்தனை ஆள் வேண்டும், எத்தனை குதிரை வேண்டும், எத்தனை உருக்குக் கலம் வேண்டும் என்று கணக்கிட்டார். நிமிடத்துக்கு 50-க்கும் மேற்பட்ட நாணயங்கள் என்ற வேகத்தில் அச்சுகள் ஓடின. நோரிச், யார்க், செஸ்டர், பிரிஸ்டல், எக்சிட்டர் ஆகிய ஐந்து நகரங்களில் தற்காலிக நாணயச் சாலைகள் திறக்கப்பட்டன. வால்மீனால் நாம் அறிந்த எட்மண்ட் ஹேலி, நியூட்டனின் பரிந்துரையால் செஸ்டரில் பணியாற்றினார். 1698 வாக்கில் ஏறத்தாழ 70 லட்சம் பவுண்டு மதிப்புள்ள வெள்ளி புதிய நாணயமாகியிருந்தது.

இந்தச் சாதனைக்கு ஒரு விலையும் இருந்தது. நறுக்கப்பட்ட நாணயத்தை வரியாகக் கட்டியவர்களுக்கு, குறித்த நாள் வரை முழு மதிப்பு கிடைத்தது. வரி கட்டும் அளவுக்கு வசதியில்லாத ஏழைகளின் கையிலிருந்த நாணயமோ எடைக்கு எடைதான். கூலியாக முழு ஷில்லிங் என்று வாங்கியதைப் பாதி ஷில்லிங்காகத் தள்ளிவிட வேண்டிய நிலை. 1696 கோடையில் புதிய நாணயம் போதாமல் சில்லறைத் தட்டுப்பாடும் கலவரமும் ஏற்பட்டன.

கள்ள நாணயக்காரர்களோடு போராட்டம்

காப்பாளர் பதவியோடு இன்னொரு கடமையும் ஒட்டிக்கொண்டு வந்தது. கள்ள நாணயம் அடிப்பவர்களைப் பிடித்து வழக்குத் தொடுப்பது காப்பாளரின் பொறுப்பு. இது தனக்கு வேண்டாம் என்று நியூட்டன் கருவூலத்துக்கு எழுதிப் பார்த்தார், அவர்கள் விடவில்லை. செய்தே ஆக வேண்டும் என்றானபின், கோள்களின் பாதையைக் கணித்த அதே பிடிவாதத்தோடு அதில் இறங்கினார். லண்டனைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் நீதிபதி அதிகாரம் பெற்றுக்கொண்டார். மதுக்கடைகளுக்கும் சிறைகளுக்கும் போனார், உளவாளிகளுக்குப் பணம் கொடுத்தார், அந்தச் செலவை அரசிடம் கேட்டு வாங்கினார். 1698-க்கும் 1699-க்கும் இடையே மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வாக்குமூலங்களை நேரில் பதிவு செய்தார்.

அவரிடம் சிக்கியவர்களில் மிகத் திறமைசாலி வில்லியம் சாலனர். நெசவாளி மகனான இவர், பர்மிங்காமில் ஆணி செய்பவரிடம் தொழில் பழகியவர். லண்டனுக்கு வந்து முலாம் பூசக் கற்றுக்கொண்டு, தங்கக் கினி நாணயங்களையும் வெளிநாட்டுத் தங்க நாணயங்களையும் போலியாகச் செய்தார். இங்கிலாந்து வங்கியின் தாள்களையும் போலியாக அச்சிட்டார். பிறகு துணிச்சலின் உச்சிக்கே போனார். நாணயச் சாலையில் ஒழுங்கில்லை, என்னை உள்ளே விட்டால் போலியாகச் செய்ய முடியாத நாணயம் அடிக்கும் வழியைக் காட்டுகிறேன் என்று நாடாளுமன்றத்திடமே முறையிட்டார். நாடாளுமன்றக் குழுவும் அதற்குச் செவிசாய்த்தது. நியூட்டன் அவரை உள்ளே விட மறுத்தார். விளிம்பில் வரி பொறிக்கும் முறை நாணயச் சாலையின் இரகசியம். அதைக் கள்ள நாணயக்காரர் ஒருவரிடம் காட்டுவதா?

அதன்பின் நியூட்டன் அவசரப்படவில்லை. சாலனரின் பழைய கூட்டாளிகள், அவர்களுடைய மனைவியர், சிறையில் உடனிருந்தவர்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து, சாட்சியங்களை ஒன்றோடொன்று பொருத்தினார். 1698-இல் லாட்டரிச் சீட்டுகளைப் போலியாக அச்சிட்டதில் சாலனர் பிடிபட்டார். அன்றைய சட்டப்படி கள்ள நாணயம் அடிப்பது அரசத் துரோகம், தண்டனை மரணம். சிறையிலிருந்து உயிர்ப்பிச்சை கேட்டு அவர் நியூட்டனுக்குக் கடிதங்கள் எழுதினார். நியூட்டன் இரங்கவில்லை. 1699 மார்ச் மாதம் டைபர்ன் தூக்குமேடையில் சாலனரின் கதை முடிந்தது.

இந்தப் பகுதியைப் படிக்கும்போது நம் மனம் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. சாலனர் பலரை ஏமாற்றியவர், கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தவர். ஆனாலும் நாணயக் குற்றத்துக்காக மனிதர்களைத் தூக்கில் போட்ட ஒரு காலத்தின் கருவியாக நியூட்டன் தயக்கமின்றிச் செயல்பட்டார் என்பதை மறைக்க முடியாது. எண்களில் தவறு பொறுக்காத அவர், மனிதர்களிடமும் தவறு பொறுக்கவில்லை.

கினியின் பெயரும் யானை முத்திரையும்

1699 இறுதியில் நியூட்டன் நாணயச் சாலையின் தலைவராக உயர்ந்தார். இறக்கும் வரை அந்தப் பதவியில் இருந்தார். 1701-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவியைத் துறந்தார். 1703-இல் ராயல் சொசைட்டியின் தலைவரானார். 1705-இல் அரசி ஆன் அவருக்கு சர் பட்டம் வழங்கினார்.

அவர் காலத்துத் தங்க நாணயத்தின் பெயர் கினி. 1663-இல் இரண்டாம் சார்ல்ஸ் மன்னர் காலத்தில் முதலில் அடிக்கப்பட்டது. 22 காரட் தங்கம். எடை ஏறத்தாழ 8.4 கிராம். அரைக் கினி, இரண்டு கினி, ஐந்து கினி நாணயங்களும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி கடற்கரையிலிருந்து வந்த தங்கத்தில் அடிக்கப்பட்டதால் இந்தப் பெயர். அந்தத் தங்கத்தைக் கொண்டுவந்த ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியின் அடையாளமாகச் சில நாணயங்களில் அரசர் தலைக்குக் கீழே சிறு யானை, அல்லது முதுகில் கோட்டை சுமந்த யானை இருக்கும். சேகரிப்பாளர்கள் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு இந்த யானையைத் தேடுகிறார்கள். யானை இருந்தால் விலை கூடும்.

அதே கம்பெனி ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றி விற்ற கம்பெனி என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நகம் அளவுகூட இல்லாத அந்த யானைக்குப் பின்னால் அவ்வளவு பெரிய துயரம் இருக்கிறது. பழைய நாணயம் சேகரிப்பவர் அதன் அழகை மட்டும் பார்த்து நிறுத்திக்கொண்டால், நாணயம் சொல்லும் வரலாற்றில் பாதியைத்தான் படித்தவராவார்.

சேகரிப்பாளர்கள் இன்னும் ஆவலோடு தேடுவது 1703-ஆம் ஆண்டு விகோ நாணயங்களை. 1702 அக்டோபரில் ஸ்பெயினின் விகோ விரிகுடாவில், அமெரிக்கக் கண்டத்திலிருந்து செல்வத்தோடு திரும்பிய ஸ்பானியக் கப்பல்களை ஆங்கிலேய, டச்சுக் கப்பற்படைகள் தாக்கின. பெரும்புதையல் கிடைத்ததாக லண்டனில் பேச்சு. ஆனால் செல்வத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே கரையிறக்கப்பட்டிருந்தது. நாணயச் சாலைக்கு வந்ததை நியூட்டன் நிறுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ 4,500 பவுண்டு எடை வெள்ளியும், 8 பவுண்டு எடைக்கும் குறைவான தங்கமுமே இருந்தன. அந்தத் தங்கம் முழுவதையும் கினியாக அடித்தாலும் சில நூறு நாணயங்கள்தான் தேறும். வெற்றியை நினைவூட்ட, அரசி ஆனின் உருவத்துக்குக் கீழே விகோ என்ற பெயர் பொறிக்கப்பட்டது. அவற்றுள் ஐந்து கினி நாணயம் இருபதுக்கு மேல் அடிக்கப்பட்டிருக்காது என்பது நாணய ஆய்வாளர்களின் கணிப்பு. பிரிட்டிஷ் தங்க நாணயங்களிலேயே மிக அரியவற்றுள் ஒன்றாக அது இன்று மதிக்கப்படுகிறது.

1718-இல் வந்த கால் கினி இதற்கு நேர்மாறானது. இரண்டு கிராமை ஒட்டிய எடைதான். கையிலிருந்து நழுவினால் தேடி எடுப்பதே பாடு. புழக்கத்துக்கு அது ஒத்துவரவில்லை. ஒரே ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள். 1762-இல் மறுபடி ஒருமுறை அடித்ததோடு கால் கினியின் கதை முடிந்தது.

தலைவருக்கே ஒரு தேர்வு

நாணயச் சாலைத் தலைவர் தரமான தங்கத்தில்தான் அடிக்கிறாரா என்பதை யார் பார்ப்பது? அதற்கு நூற்றாண்டுகளாக நடந்துவரும் ஒரு முறை உண்டு. அடிக்கும் நாணயங்களில் மாதிரிக்காகச் சிலவற்றை எடுத்து, பிக்ஸ் எனப்படும் பெட்டியில் பூட்டி வைப்பார்கள். பின்னர் லண்டன் பொற்கொல்லர் சங்கத்தினர் அடங்கிய நடுவர் குழு, அவற்றை ஒரு சோதனைத் தகட்டோடு ஒப்பிட்டுத் தரம் பார்க்கும். குறை இருந்தால் தலைவர்தான் பதில் சொல்ல வேண்டும். இந்தச் சோதனை பிரிட்டனில் இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.

1710-இல் நடந்த சோதனையில், நியூட்டனின் தங்க நாணயங்கள் தரத்தில் சற்றே குறைந்தவை என்று குழு சொல்லிவிட்டது. நியூட்டனுக்குக் கோபம் தாங்கவில்லை. வெறும் கோபத்தோடு நிற்காமல் தாமே சோதனைகள் செய்தார். ஒப்பிடப் பயன்பட்ட 1707-ஆம் ஆண்டுத் தகட்டிலேயே தங்கம் அளவுக்கு மிஞ்சித் தூய்மையாக இருக்கிறது. தவறு நாணயத்தில் இல்லை, அளவுகோலில்தான் என்று வாதிட்டார். அவர் வாதம் நின்றது. அந்தத் தகடு ஒதுக்கப்பட்டு, 1688-ஆம் ஆண்டின் பழைய தகடே மீண்டும் பயன்பட்டது. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் மாணவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. முடிவு பிசகினால் அளக்கப்பட்ட பொருளை மட்டும் சந்தேகிக்கக் கூடாது. அளக்கும் கருவியையும் சோதிக்க வேண்டும்.

21 ஷில்லிங்

இப்போது 8 கிராமுக்கு வருவோம்.

கினி முதலில் 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு மதிப்பில் வெளிவந்தது. ஆனால் அதன் விலை சந்தையில் ஏறி இறங்கியது. வெள்ளி நாணயம் கெட்டுப்போயிருந்த 1695-இல் 30 ஷில்லிங் வரை போனது. பிறகு 21 ஷில்லிங் 6 பென்ஸ் என்று நின்றது. அந்த விலையில் இங்கிலாந்தில் தங்கத்துக்கு மதிப்பு அதிகம், வெள்ளிக்குக் குறைவு. கிழக்கே நிலைமை தலைகீழ். இங்கிலாந்தில் ஒரு பங்கு தங்கத்துக்கு ஏறத்தாழ 15 பங்கு வெள்ளி கொடுக்க வேண்டியிருந்தபோது, இந்தியாவில் 12 பங்கு போதும். சீனாவில் 9 அல்லது 10 பங்கு போதும். அதனால் சென்னைக் கோட்டை போன்ற இடங்களில் துணி வாங்கப் போன கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் வெள்ளியை ஏற்றிச் சென்றன. இங்கிலாந்தில் வெள்ளி வற்றிக்கொண்டே வந்தது.

1717 செப்டம்பரில் நியூட்டன் கருவூலத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பல நாடுகளின் தங்க, வெள்ளி விகிதங்களை அதில் ஒப்பிட்டிருந்தார். ஐரோப்பிய விலையோடு முழுமையாகப் பொருந்த வேண்டுமானால் கினியின் மதிப்பை 10 அல்லது 12 பென்ஸ் குறைக்க வேண்டும். முதற்கட்டமாக 6 பென்ஸ் குறைத்துப் பார்க்கலாம் என்பது அவர் யோசனை. அதே ஆண்டு டிசம்பரில் கினியின் மதிப்பு 21 ஷில்லிங் என்று அரச ஆணை வந்தது. அடுத்த கட்டக் குறைப்பு வரவேயில்லை. வெள்ளி தொடர்ந்து வெளியேறியது. தங்கம் உள்ளே வந்துகொண்டே இருந்தது. யாரும் சட்டம் போட்டுத் தொடங்காமலேயே இங்கிலாந்து மெல்ல மெல்லத் தங்கத்தை அடிப்படையாகக் கொண்ட நாடாயிற்று. வெள்ளியைக் காப்பாற்றப் போட்ட கணக்கு, தங்கத்தை அரியணையில் ஏற்றியது. ஓர் அவுன்ஸ் நாணயத் தங்கத்துக்கு 3 பவுண்டு 17 ஷில்லிங் 10½ பென்ஸ் என்ற அந்த விலை, போர்க்காலங்களில் தடைபட்டாலும், 1931 வரை நீடித்தது.

நியூட்டன் இறந்து ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பிறகு, 1817-இல், கினிக்குப் பதிலாகச் சரியாக 20 ஷில்லிங் மதிப்புள்ள புதிய தங்க நாணயம் வந்தது. அதன் பெயர் சாவரின். தங்கத்தின் விலையை மாற்றவில்லை. ஆகவே கணக்கு எளிது. 21 ஷில்லிங் கினியின் எடை 8.387 கிராம் என்றால், 20 ஷில்லிங் நாணயத்தின் எடை அதில் 21-இல் 20 பங்கு. நீங்களே பெருக்கி வகுத்துப் பாருங்கள்: 7.988 கிராம். எட்டுக்கு ஒரு மயிரிழை குறைவு.

அந்தச் சாவரின்தான் தமிழர் நாவில் சவரன் ஆயிற்று. ஒரு பவுண்டு மதிப்புள்ள நாணயம் என்பதால் பவுன் என்றும் ஆயிற்று. பிரிட்டிஷ் ஆட்சி பரவிய இடமெல்லாம் அது போனது. 1918-இல் பம்பாயிலும் அடிக்கப்பட்டது. நம் பக்கத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் வெள்ளியும் 1906 முதல் பிரிட்டிஷ் பவுண்டோடு பிணைக்கப்பட்டது. 60 வெள்ளிக்கு 7 பவுண்டு என்பது கணக்கு. பெண்களின் கழுத்தில் காசுமாலையாகவும் சாவரின் தொங்கியது. நாணயம் புழக்கத்திலிருந்து மறைந்த பிறகும் அதன் எடை நம் பேச்சில் தங்கிவிட்டது. 1717-இல் 21 ஷில்லிங்குக்குப் பதில் 20 ஷில்லிங் 6 பென்ஸ் என்று ஆணை வந்து, அதே நிலைத்திருந்தால், நம் பவுன் இன்று 8 கிராமைத் தாண்டியிருக்கும்.

எடை, விளிம்பு, தரம்

பழைய தங்க நாணயம் ஒன்று சேகரிப்பாளரின் கைக்கு வரும்போது அவர் முதலில் என்ன செய்கிறார்? தராசில் வைக்கிறார். குறுக்களவை அளக்கிறார். விளிம்பின் வரிகளைப் பார்க்கிறார். தண்ணீரில் மூழ்க வைத்து அடர்த்தியைக் கணக்கிடுகிறார். 22 காரட் தங்கத்துக்கு அது ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 17.5 கிராம். வெள்ளியின் மீது முலாம் பூசிய போலி இந்த அடர்த்தியை எட்டவே முடியாது. சாலனர்களின் வேலையைப் பிடிக்க நியூட்டன் நம்பியதும் எடை, விளிம்பு, தரம் என்னும் இந்த மூன்றையும்தான்.

தங்க நாணயம் வாங்கும் வசதி மாணவர்களுக்கு இருக்காது, தேவையும் இல்லை. வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய காசு ஒன்றை எடுத்து, அதன் ஆண்டு என்ன, தலை யாருடையது, உலோகம் எது, எங்கே அடித்தது என்று கேட்டாலே போதும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். பழைய நாணயத்தைப் புளியோ சாம்பலோ போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். தேய்த்த நாணயத்தை மீட்க வழியில்லை. சேகரிப்பாளர் கண்ணில் அதன் மதிப்பும் போய்விடும்.

நாணயத்தை அவ்வளவு துல்லியமாக அறிந்த நியூட்டனும் பண விஷயத்தில் தவறியதுண்டு. 1720-இல் தென்கடல் கம்பெனியின் பங்கு விலை விண்ணுக்கு ஏறியபோது, முதலில் இலாபத்தோடு விற்று வெளியேறிய அவர், விலை மேலும் ஏறுவதைக் கண்டு மறுபடி வாங்கினார். விலை சரிந்தது. பெரும் தொகையை இழந்தார். உலோகத்தை நிறுப்பதற்குத் தராசு உண்டு. மக்களின் ஆசையை நிறுக்க அவரிடமும் தராசு இல்லை.

1727 மார்ச் மாதம் நியூட்டன் மறைந்தார். அவருடைய உறவுப் பெண் கேத்தரினை மணந்த ஜான் காண்டுயிட், அடுத்த நாணயச் சாலைத் தலைவரானார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் நியூட்டனின் உடல் அடக்கம் செய்யப்பட்டது. 1731-இல் எழுப்பப்பட்ட அவருடைய நினைவுச் சின்னத்தில், கல்லில் செதுக்கிய சிறுவர்கள் அவர் வாழ்க்கையை விளையாடிக் காட்டுகிறார்கள். ஒரு சிறுவன் கையில் முப்பட்டகம், இன்னொருவனிடம் தொலைநோக்கி. அவர்களோடு ஓர் உலையும், புதிதாக அடித்த நாணயங்களும் உள்ளன.